முனைத் துண்டு

சுராயா அறுக்கும் அறைக்குள் போவதற்கு முன் இரண்டு சட்டை போட்டுக்கொள்வாள். ஒன்று அவளுடையது. இன்னொன்று அவள் கணவன் நசுருதீனுடைய பழைய முழுக்கைச் சட்டை. அதற்கு மேல் கம்பெனி கொடுத்த வெள்ளை அங்கி, தலைக்கு வலைத்தொப்பி, கைக்கு உறை. அப்படியும் கொஞ்ச நேரத்தில் விரல் நுனி மரத்துப் போகும். கறி கெடாமல் இருக்க அந்த அறை எப்போதும் ஜில்லென்று இருக்க வேண்டும்.

அரைத்த கோழிக்கறியை மசாலாவோடு பிசைந்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்து, ஆவியில் வேகவைத்து, ஆறவைத்து, முழங்கை நீள உருளைகளாக அந்த அறைக்கு அனுப்புவார்கள். சுராயா உறையை உரித்து உருளையை மெஷினில் வைப்பாள். வட்டக் கத்தி சுழலும். மெல்லிய வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எதிர் மேசையில் கலைமதி அவற்றைத் தட்டில் அடுக்குவாள். அவளுக்குப் பக்கத்தில் சுபலட்சுமி காற்றை உறிஞ்சிப் பாக்கெட்டை ஒட்டுவாள். சாப்பிடுகிறவர்கள் பிரித்து, ரொட்டிக்கு நடுவே அப்படியே வைத்துச் சாப்பிடலாம். பாக்கெட்டில் அப்படித்தான் படம் போட்டிருந்தது.

உருளையின் இரண்டு முனையும் கோணலாக இருக்கும். அது பாக்கெட்டுக்கு ஆகாது. "வீணாக்காதீங்க, புள்ளைங்களுக்குக் கொண்டு போங்க" என்று முதலாளி பிரவீன்ராஜ் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். சாயங்காலம் முனைகளைப் பங்கு போட்டு எடுத்துப் போவது அங்கே வழக்கமாகிவிட்டது. அதற்காகவே அவரை நல்ல மனுஷன் என்று பெண்கள் சொல்லிக்கொள்வார்கள். அவர் நல்ல மனுஷன்தான்.

புரட்டாசி பிறந்ததும் எல்லாம் மந்தமாயிற்று. திருச்சியில் பாதி வீடுகளில் கவிச்சி இல்லை. கடைகளில் சரக்கு நகரவில்லை. குளிர் அறையில் உருளைகள் அடுக்கிய இடத்திலேயே கிடந்தன. மெஷின் கழுவுகிற பிச்சமுத்துவை, "புரட்டாசி முடிஞ்சதும் வாங்க" என்று நிறுத்திவிட்டார்கள். அவர்தான் தினமும் வேலை முடிந்ததும் மெஷினின் பின் மூடியைக் கழற்றி, கத்தியை எடுத்து, வெந்நீர் ஊற்றிப் பிரஷ் போட்டுத் தேய்ப்பவர். அவர் போனபின், மேலே குழாயால் தண்ணீர் அடித்துத் துணியால் துடைப்பதோடு சரி.

"சார், பின்பக்கம் ஒரு வாடை வருது" என்று சுராயா சூப்பர்வைசர் ரெஜிஸிடம் சொன்னாள்.

"கோழிக் கம்பெனில மல்லிப்பூ வாடையாம்மா வரும்?"

"கெட்ட வாடை சார். மூடிக்குள்ள ஏதோ அடைஞ்சிருக்கு."

"விக்காத சரக்குக்கு கழுவ ஒரு ஆளு, துடைக்க ஒரு ஆளான்னு மேல கேக்கறாங்க. தண்ணிய நல்லா அடிச்சு விடுங்க, போதும்."

அதற்குப் பிறகும் ஒருமுறை சொன்னாள். அப்போது ரெஜிஸ் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

முனைப் பெட்டியும் அந்த மாதம் நிறைந்தே இருந்தது. பெண்களில் பலரும் விரதம். "அக்கா, இந்த மாசம் உங்க காட்டுலதான் மழை" என்று சுபலட்சுமி தன் பங்கைச் சுராயா பக்கம் தள்ளினாள். சுராயா எல்லாவற்றையும் கவரில் கட்டிப் பாலக்கரை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாள். தினம் கொஞ்சம் எடுத்து வெங்காயம் போட்டு வறுப்பாள். நசுருதீனுக்கும் மகள் ஹஃப்ஸாவுக்கும் அது பிடிக்கும்.

கலைமதிக்கு ஏழாம் மாதம். ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமியார் அமிர்தம் தெற்கு வாசலில் துளசி மாலை கட்டி விற்கிறவள். புரட்டாசி என்றால் அந்த வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. கறிக் கம்பெனியில் வேலை பார்க்கும் மருமகள் சாயங்காலம் வந்தால், கொல்லையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் படி ஏற வேண்டும். கலைமதி அதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்தாள். ஆனால் வயிற்றிலிருந்த பிள்ளைக்கு அது புரியவில்லை.

ஒரு மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடும்போது தன் தயிர் சாதத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, சிரிக்கக் கூடாது. அந்த முனையைப் பார்த்தாலே வாயில தண்ணி ஊறுது."

"மாசம் முடியட்டும்டி."

"எனக்குத் தெரியுது. உள்ள இருக்கறவனுக்கு யாரு சொல்றது?"

வாயும் வயிறுமாக இருக்கிறவள் கேட்டு இல்லை என்று சொல்ல சுராயாவுக்கு மனம் வரவில்லை. பெட்டியிலிருந்து இரண்டு முனை எடுத்து வந்தாள்.

"வீட்டுல போயி தோசைக்கல்லுல ஒரு பெரட்டு பெரட்டிட்டுத் தின்னு."

"எங்க வீட்டுலயா? நல்ல ஆளு நீங்க. கல்லைத் தூக்கிக் காவேரில போட்டுருவாங்க எங்க அத்தை. இது வெந்ததுதானக்கா?"

"வெந்ததுதான்."

கலைமதி அங்கேயே, ஜில்லென்று, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். தின்று முடித்து வாயைக் கொப்பளித்தாள். பையிலிருந்து ஒரு கொத்துத் துளசியை எடுத்து மென்றாள்.

"அத்தைக்குத் தெரியக் கூடாது. உங்க அல்லா மேல ஆணையாச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன் போ. அல்லா மேல ஆணையா."

அதன்பின் மதியங்களில் சுராயாவே ஒரு துண்டு கொண்டுவந்து கையில் வைத்துவிடுவாள். கலைமதியின் முகம் மலர்வதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு நிறைவு.

மூன்றாம் சனிக்கிழமைக்குப் பிறகு கலைமதி வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். பிறகு, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று சுபலட்சுமி வந்து சொன்னாள். அன்று சுராயா பாதி நாள் லீவு கேட்டு, ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போனாள்.

பிரசவ வார்டின் நீள வராந்தாவில் அமிர்தம் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் சிவப்பு ஸ்ரீசூர்ணக் கோடு கலைந்திருந்தது. பக்கத்தில் ஃபிளாஸ்க், துணிப்பை, மடித்த பாய். மகன் அஜித் ஸ்கேன் காகிதத்தோடு எங்கோ அலைந்துகொண்டிருந்தான்.

"நீதான் சுராயாவா? உன்னைப் பத்தியேதான் பேசுவா" என்று அமிர்தம் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். "காய்ச்சல் எறங்கவே மாட்டேங்குது. குழந்தை அசையறதும் கொறைஞ்சிருக்காம். நான் என் பெருமாளுக்கு என்ன கொற வெச்சேன்?"

கதவு வழியாக உள்ளே கலைமதி தெரிந்தாள். உதடு வெடித்து, கண்கள் குழிந்து கிடந்தாள். சுராயாவைப் பார்த்ததும் தலையைத் தூக்கினாள். பிறகு மாமியார் இருக்கிற பக்கம் கண்ணைக் காட்டி, வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையசைத்தாள்.

டாக்டரம்மா வெளியே வந்தார். சின்ன வயதுதான். தூங்கி நாளான முகம்.

"அம்மா, மறுபடியும் கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. வெளிய ஏதாவது சாப்பிட்டாங்களா? காய்ச்சாத பால், ஐஸ்கிரீம், பாக்கெட் கறி, ஏதாவது?"

"புரட்டாசிம்மா. எங்க வீட்டுல கவிச்சிங்கற பேச்சே கெடையாது. பாலைக்கூட நான் ரெண்டு தடவை காச்சித்தான் குடுப்பேன்."

"ரத்தத்துல கிருமி வளருதுன்னு லேப்ல சொல்லிட்டாங்க. எதுன்னு தெளிவாத் தெரிய இன்னும் நேரமாகும். அதுக்குள்ள எந்த ஊசின்னு முடிவு பண்ணணும். அதான் கேக்கறேன்."

அமிர்தம் கையைப் பிசைந்தாள். டாக்டரம்மா சலிப்பில்லாமல் தலையசைத்துவிட்டு வராந்தாவில் நடந்தார்.

சுராயாவுக்கு முதலில் ஞாபகம் வந்தது ஆணைதான். அடுத்தது வேலை. ஹஃப்ஸாவின் காலேஜும் நசுருதீனின் முதுகுவலியும் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றன. இரண்டையும் நினைத்துக்கொண்டே அவள் எழுந்து நடந்தாள். நடை ஓட்டமாயிற்று. படிக்கட்டின் அருகில் டாக்டரம்மாவைப் பிடித்துவிட்டாள்.

"டாக்டரம்மா, அவ கறி சாப்பிட்டா. நான்தான் குடுத்தேன்."

டாக்டரம்மா நின்றார். சுராயா சொல்ல ஆரம்பித்தாள். பாதியில், டாக்டரம்மாவின் கண் தன் தோளுக்குப் பின்னால் போவதைக் கண்டு திரும்பினாள். ஃபிளாஸ்க்கைக் கையில் பிடித்தபடி அமிர்தம் நின்றுகொண்டிருந்தாள். சுராயா ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மீதியையும் சொன்னாள். கம்பெனி, முனைத் துண்டு, மாடிப்படி, தினமும் மதியம், எல்லாம்.

"சுட வெச்சா?"

"இல்லம்மா. ஜில்லுன்னுதான். வெந்ததுதானேன்னு..."

"வெந்ததுக்கு அப்புறம் கத்தியில, மெஷின்ல ஒட்டிக்கற கிருமி ஒண்ணு இருக்கு. மத்த கிருமி மாதிரி இல்ல, ஃப்ரிட்ஜுக்குள்ளயே வளரும். உங்களுக்கும் எனக்கும் பெருசா ஒண்ணும் செய்யாது. வயித்துல புள்ளை இருந்தா விடாது." டாக்டரம்மா அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார். "அது இதுதான்னா, இப்ப போடற ஊசி அதுக்குக் கேக்காது. சிஸ்டர்!"

கதவு வரை போனவர் திரும்பி வந்தார். "வீட்டுல மிச்சம் இருக்கா?"

"இருக்கும்மா."

"பிரிக்காம, இன்னொரு கவர்ல கட்டிக் காலைல கொண்டு வாங்க. நான் உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்குத் தகவல் குடுத்தாகணும். அந்தப் பாக்கெட்டு இன்னும் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கோ. உங்க பேரைக் கேப்பாங்க. வேலைக்கு ஏதாவது..."

"எழுதிக்கங்கம்மா" என்றாள் சுராயா. "சுராயா பேகம். பாலக்கரை."

டாக்டரம்மா உள்ளே போனதும் அமிர்தம் வாயைத் திறந்தாள். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"புரட்டாசில! என் வீட்டுப் பொண்ணு வாயில! ஏண்டி, நீ நல்லா இருப்பியா? நான் நாளெல்லாம் துளசி கட்டறேன், நீ அவளுக்கு விஷத்தைக் கட்டிக் குடுத்திருக்கியே. இங்க நிக்காத. என் கண்ணு முன்னால நிக்காத!"

சுராயா ரொட்டியையும் பழத்தையும் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு நடந்தாள். மாடிப்படி இறங்கும்வரை அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டில் நசுருதீன் முழுவதையும் கேட்டான். கேட்டுவிட்டு எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்தான்.

"நம்மளுந்தான தின்னோம்?"

"நம்ம வறுத்தோம். அவளுக்கு வறுக்க அடுப்பு இல்ல."

அவன் முனைகள் இருந்த கவரை எடுத்து இன்னொரு கவருக்குள் போட்டு இறுக்கிக் கட்டினான். பிறகு வாளியில் வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டே ஃப்ரிட்ஜின் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தான். ஹஃப்ஸா துணி எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேலை போயிரும்ங்க" என்றாள் சுராயா.

"தெரியுது. அந்தத் தட்டை இப்படிக் குடு."

காலையில் கவரை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு, சுராயா நேராகக் கம்பெனிக்குப் போனாள். ஆபீசர்கள் வருவதற்கு முன் முதலாளிக்குத் தானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். முனையைக் கொண்டு போகச் சொன்ன மனுஷன். அவருக்கும் ஒரு சந்தர்ப்பம் கொடுக்காமல் இருக்கலாமா?

பிரவீன்ராஜ் அவளை உட்காரச் சொன்னார். "கலைமதி விஷயம் கேள்விப்பட்டேன். பாவம். ஏதாவது வேணும்னா ரெஜிஸ்கிட்ட சொல்லுங்க, செய்யச் சொல்றேன்."

"நம்ம முனைதான் சார் அவளுக்கு ஆகல. டாக்டரம்மா சொல்றாங்க. மெஷினைத் திறந்து பார்க்கணும் சார். கடைக்குப் போன பாக்கெட்டத் திரும்ப வாங்கணும்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது.

"முனை நான் விக்கிற சரக்கு இல்லயே. உங்க மேல இருந்த பிரியத்துல எடுத்துக்கங்கன்னு விட்டேன். அதைக் கொண்டு போயி ஒரு கர்ப்பிணிப் பொண்ணுக்கு ஜில்லுன்னு குடுத்தது யாரு? நானா?"

"நான்தான் சார். நான் இல்லைன்னு சொல்லல." சுராயா மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். "ஆனா முனையை அறுத்த கத்திதான சார் மத்ததையும் அறுத்துச்சு?"

பிரவீன்ராஜ் சன்னல் பக்கம் பார்த்தார். "புரட்டாசி முடியப் போகுது. முடிஞ்சா ஊரே கறிக்கு அலையும். இப்பப் போயி கடைக்காரங்ககிட்ட சரக்கத் திருப்பிக் குடுன்னு கேட்டா அடுத்து எவன் வாங்குவான்? உங்க பொழப்புந்தான இது? ரிசல்ட் ஏதாவது வரட்டும். பார்ப்போம். போயி வேலையப் பாருங்க."

சுராயா போய் இரண்டு சட்டையையும் போட்டுக்கொண்டாள். அறுக்கும் அறைக்குள் ஃபோன் கொண்டு போகக் கூடாது. அன்று கொண்டு போனாள். மெஷினுக்கு முன்னால் நின்றபடி பிச்சமுத்துவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, சுராயா பேசறேன். பின் மூடிய எப்படிக் கழட்டறது?"

"நான் என்னமோ வேலைக்குத்தான் கூப்பிடறாங்கன்னு வேட்டிய மாத்தலாம்னு பார்த்தேன். ஃபோன்லயே வேலை வாங்கறியே தாயி."

"அவசரம்ணே."

அவள் குரலில் என்ன கேட்டதோ, அவர் விளையாட்டை நிறுத்திக்கொண்டார். "சரி. மொதல்ல மெயின் சுவிட்ச அமுத்து. அமுத்திட்டியா? இன்னொரு தடவை பாரு, உன் வெரலு உனக்கு வேணும். நாலு போல்ட்டு இருக்கும். ஸ்பானர் மேசைக்குக் கீழ டப்பாவுல கெடக்கும். மேல ரெண்டும் லேசா வரும். கீழ இருக்கறது முரண்டு பண்ணும். துணியச் சுத்திப் பிடிச்சுத் திருகு."

"என்னக்கா பண்றீங்க?" என்று சுபலட்சுமி எழுந்து வந்தாள். சுராயா சொல்லச் சொல்ல, அவளும் துணியைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து கடைசிப் போல்ட்டைத் திருகினார்கள். மூடி விலகியது.

நாற்றம் முதலில் வந்தது. கத்திக்குப் பின்னால் மூலைகளில் பழைய கறிக்கூழ் அப்பி, சாம்பல் நிறமாகிப் பளபளத்தது. அதன் மேல் கொழகொழவென்று ஒரு படலம். மேலே அடித்த தண்ணீர் உள்ளே இறங்கி அடியில் தேங்கியிருந்தது. கத்தி சுற்றும்போதெல்லாம் அதைத் தொட்டுக்கொண்டுதான் சுற்றியிருக்கிறது.

மற்ற பெண்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். சுபலட்சுமி வாயைப் பொத்தினாள். "எங்க அக்கா புள்ளைங்களுக்கு இந்த மாச ஆரம்பத்துல ரெண்டு முனை குடுத்து விட்டனே" என்றாள்.

ரெஜிஸ் கூட்டத்தைக் கண்டு ஓடி வந்தார். "யாரைக் கேட்டுத் திறந்தீங்க? மூடுங்க. மூடுங்கன்னு சொல்றேன்ல?" பேசிக்கொண்டே குனிந்தவர், உள்ளே பார்த்ததும், "ஏசுவே" என்றார். அதற்குப் பிறகும், தன் வேலை அது என்பதால், "மூடுங்கம்மா" என்று இன்னொருமுறை சொன்னார்.

"ஆபீசருங்க வந்து பார்க்கட்டும் சார். அதுவரைக்கும் மூட மாட்டேன்."

அவள் மூடியை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டூலைத் திறந்த மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிரவீன்ராஜ் கண்ணாடிக் கதவு வரை வந்து பார்த்துவிட்டு, ஃபோனைக் காதில் வைத்தபடி திரும்பிப் போனார். வேலை நின்றது. குளிர் மட்டும் நிற்கவில்லை. சுபலட்சுமி தன் ஸ்வெட்டரைக் கழற்றிச் சுராயாவின் தோளில் போட்டாள். யாரோ ஒருத்தி டீ கொண்டு வந்தாள். மதியச் சாப்பாட்டுக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. பொழுது சாயத் தொடங்கியபோது ஜீப் வந்தது. இறங்கியவர்கள் பஞ்சுக் குச்சிகளால் மெஷினின் மூலைகளைத் துடைத்துக் குப்பிகளில் போட்டார்கள். குளிர் அறைக்குச் சீல் வைத்தார்கள். பெண்களின் கைகளையும் அதேபோல் குச்சியால் துடைத்துக் குப்பிகளில் எடுத்துக்கொண்டார்கள்.

மூடியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தபோது சுராயாவின் கால்கள் நிமிர மறுத்தன. ஃபோனில் அஜித் பேசினான். குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. மாதம் நிறையவில்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். கலைமதிக்குக் காய்ச்சல் இறங்குகிறது. "அம்மா உங்களை வரச் சொன்னாங்க" என்றான்.

வார்டு வாசலில் காவலாள் அவளைத் தடுத்தார். "சொந்தக்காரங்க மட்டுந்தாம்மா. நீங்க யாரு?"

என்ன சொல்வது என்று சுராயா யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து அமிர்தம் வந்தாள்.

"விடுய்யா. எங்க வீட்டுப் பொண்ணுதான்."

காவலாள் சுராயாவின் கறுப்புப் பர்தாவையும் அமிர்தத்தின் நெற்றிக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க வீட்டுப் பொண்ணா?"

"ஆமா. மூத்தவ. உனக்கு என்ன இப்போ? தள்ளு."

வராந்தாவில் இருவரும் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அமிர்தம் நின்றாள். "ஊசிய மாத்துனதுக்கு அப்புறந்தான் தெளிஞ்சுதாம். இன்னும் ஒரு நா போயிருந்தா ரெண்டு பேருமே கெடையாதுன்னு டாக்டர் சொன்னாங்க." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அவளுக்கு வாய் கேட்டப்ப நான்தான் குடுத்திருக்கணும். நாந்தான் அடுப்பைப் பூட்டி வெச்சேன். என் பெருமாளு ஒரு துண்டு கறிக்கா கோவிச்சுக்கப் போறாரு? நீ இன்னைக்கு சாப்டியா இல்லையா? மூஞ்சியப் பாரு." ஃபிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் காபி ஊற்றி நீட்டினாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை உள்ளங்கை அகல முதுகோடு கிடந்தது. மூக்கில் ஒரு குழாய். விலா எலும்புகள் ஏறி ஏறி இறங்கின. சுராயா கண்ணாடியைத் தொடாமல் நின்று, உதட்டுக்குள் ஓதினாள். பக்கத்தில் அமிர்தமும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனி பூட்டியே கிடந்தது. கடைகளிலிருந்து பாக்கெட்டுகள் வேனில் திரும்பி வந்து, பின்பக்கக் குழியில் சுண்ணாம்போடு புதைந்தன. மெஷினின் உள்ளே டாக்டரம்மா சொன்ன அதே கிருமி இருந்ததாக ரிப்போர்ட் வந்தது. பெண்களின் கைகளில் ஒன்றும் இல்லை என்றும் அதில் இருந்தது. அதற்குள் பல வீடுகளில் அடுப்பு தடுமாறியது. சுராயாவிடம் பேசுவதை நிறுத்தியவர்கள் உண்டு. "நல்லது பண்றேன்னு எல்லாரு வயித்துலயும் அடிச்சிட்டா" என்று ஒருத்தி பஸ்ஸில் அவள் காதுபடச் சொன்னாள். சுராயா தினமும் ஆஸ்பத்திரிக்குச் சோறு கட்டிக்கொண்டு போனாள். ஒருநாள் அந்த ஒருத்தியும் பழம் வாங்கிக்கொண்டு அங்கே வந்து நின்றாள்.

அந்த வருடம் ஆயுத பூஜை புரட்டாசியைத் தாண்டி வந்தது. பூஜையன்றே கம்பெனியைத் திறப்பதாகச் சொல்லியனுப்பினார்கள். சுராயாவுக்கு யாரும் சொல்லவில்லை. சுபலட்சுமி சொல்லித் தெரிந்துகொண்டாள்.

"நீங்க வராதீங்கக்கா. எதுக்கு அவமானம்?"

"என்னை நிறுத்திட்டேன்னு யாரும் எங்கிட்ட சொல்லலயே? நான் வருவேன்."

வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். உள்ளே புது மெஷின் ஒன்று பிளாஸ்டிக் தாளோடு நின்றது. பழைய மெஷினை நாலு பேர் கயிறு கட்டி டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலெல்லாம் வெள்ளிப் பெயிண்ட் அடித்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். சுராயா டிரைவரிடம் போனாள்.

"எங்கண்ணே போகுது?"

"மணப்பாறைப் பக்கம் புதுசா ஒரு கறி யூனிட்டும்மா."

"உள்ள திறந்து கழுவுனாங்களா?"

"பாருங்க, பளபளன்னு இருக்கே" என்று டிரைவர் சிரித்தார்.

சுராயா அந்த யூனிட்டின் பேரைக் கேட்டாள். அவர் சொன்னார். அவள் வாய்க்குள் அதை இரண்டுமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, ஓரமாகப் போய் உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்கு ஃபோன் செய்தாள். விடுமுறை நாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாளைக்குக் காலையில் நேரில் போக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள். டெம்போ வெளியே வந்தபோது பெண்கள் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"வரிசைல நில்லுங்கம்மா" என்று ரெஜிஸ் கூப்பிட்டார்.

கதவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தது. 'உங்கள் கைகளின் சுத்தமே நமது தரம்' என்று எழுதி, கீழே கழுவிய இரண்டு கைகளின் படம் போட்டிருந்தது. அதை யாரோ ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அருகில் பிரவீன்ராஜ் நின்றார். இனி உள்ளே போகும் ஒவ்வொருவரின் கையையும் நகத்தையும் பார்த்துத்தான் விடுவார்களாம். முனை எடுத்துப் போவதும் இனிக் கிடையாதாம்.

"எங்க கையில ஒண்ணுமில்லைன்னுதான சார் ரிப்போர்ட்டு?" என்று சுபலட்சுமி கேட்டாள்.

"கேமரா ஓடுதும்மா. கையை நீட்டுங்க."

பெண்கள் வரிசையாகக் கைகளை நீட்டினார்கள். ரெஜிஸ் ஒவ்வொரு கையாகப் புரட்டிப் பார்த்து, உள்ளே போகச் சொன்னார். சுராயாவும் வரிசையில் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் மேலே பார்க்க நீட்டினாள். ரெஜிஸ் அவளிடம் வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், அந்தக் கைகளையும் பார்க்காமல், அவளைத் தாண்டிப் பின்னால் நின்றவளின் விரல்களைப் பிடித்தார்.

வரிசை நகர்ந்து உள்ளே போயிற்று. சுராயா கையை மடக்கவில்லை. நீட்டியபடியே நின்றாள்.